ஈரப்பதம் அண்ணனின் காமிக்ஸ் டப்பாக்கள்

இந்த உலகத்தில் காற்றின்மேல் கோபித்துக்கொண்டு வாழ்கிற ஒரே மனிதர் ஈரப்பதம் அண்ணன்தான். மனிதர்கள்மேல் கோபம் என்றால் ரெண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். காற்றிடமிருந்து எந்தப் பக்கம் திருப்புவது? அதுவும் மரக்காணத்தில்? ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழுவெளிச் சதுப்பு நிலம், நடுவில் கண்ணுக்கெட்டிய வரை உப்பளம். எங்கிருந்து அடித்தாலும் காற்று ஈரத்தோடும் உப்போடும்தான் வரும். அண்ணன் ஜன்னலோரம் நின்று, "வந்துட்டான் பாரு" என்பார். பெண்ணைப் பெற்றவர் தெருமுனைப் பையனைச் சொல்வதுபோல இருக்கும்.

அண்ணனுக்கு உப்பளத்தில் லாரிகளுக்கு எடை போடும் வேலை. அது ஊருக்காக. அவருடைய உண்மையான வேலை வீட்டு நடு அறையில் இருந்தது. பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சேர்த்த காமிக்ஸ் புத்தகங்கள். ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடித்தாள் உறையில், உறைகள் அட்டைப்பெட்டியில், பெட்டிகள் இரும்பு ரேக்கில். சுவரில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார். பார்த்த கையோடு வாசலில் நிற்கும் பால்காரரிடம், "எண்பத்தி மூணுப்பா! இவ்ளோ தண்ணி இருந்தா எப்படி வெளங்கும்?" என்பார். பால்காரர் அது தன் பாலைப் பற்றிய புகார் என்று நினைத்து, ஒரு வாரம் கெட்டிப் பாலாக ஊற்றினார். அதற்கப்புறம்தான் தெருவே அவருக்கு இந்தப் பெயரை வைத்தது.

சில வருடங்களுக்கு முன்னால், மருந்தாளுநர் வேலையில் மாற்றலாகி நான் மரக்காணம் போனபோது அவர் வீட்டின் பின்போர்ஷன் காலியாக இருந்தது. நானும், புதுச்சேரியில் கம்பெனி வேலைக்குப் போய்வந்த என் கணவரும் கைக்குழந்தையோடு போய் நின்றோம். வீட்டுக்காரர்கள் வழக்கமாக எத்தனை பேர், எந்த ஊர் என்று கேட்பார்கள். அண்ணன் கேட்ட முதல் கேள்வி வேறு.

"குக்கர் வெச்சிருக்கீங்களா?"

"இருக்குதுங்க."

"ஆவி எந்தப் பக்கம் போவும்?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். நல்லவேளை, உள்ளேயிருந்து அண்ணனின் மனைவி விஜயா அக்கா வந்தார்.

"அவரு கெடக்குறாரு, நீ கொழந்தைய தூக்கிக்கினு உள்ள வாம்மா. சமைக்கிறப்போ பின்னாடி ஜன்னல மட்டும் தொறந்து வெச்சிடு. இல்லன்னா இவரு அழுதுடுவாரு."

அப்படித்தான் நாங்கள் குடிபோனோம்.

அண்ணன் புத்தகம் இரவல் கொடுக்கமாட்டார். ஆனால் அவர் கண் முன்னால் படிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டார். அவரைக் கை கழுவ வைத்து, துடைக்க வைத்து, ஃபேனுக்குக் கீழே கையை நீட்டி நிற்க வைத்து, பிறகு நாற்காலியில் உட்காரவைத்துப் புத்தகத்தைக் கொடுத்தார் அண்ணன். பரீட்சை ஹால் வாத்தியார் மாதிரி எதிரே தானும் உட்கார்ந்தார். மூன்றாம் பக்கத்தில் கதாநாயகன் மலையுச்சியிலிருந்து ஒற்றைக் கையில் தொங்கினான். அந்தப் பதற்றத்தில் என் கணவர் பக்கத்தைப் புரட்ட விரலை நாக்கில் தொட்டுவிட்டார்.

"ஐயய்யோ!"

அண்ணன் போட்ட சத்தத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. தொங்கியவன் என்ன ஆனான் என்று என் கணவருக்குக் கடைசிவரை காட்டப்படவில்லை. அதற்குப் பிறகு அவரை எங்கே பார்த்தாலும் அண்ணனின் பார்வை முதலில் அந்த ஆள்காட்டி விரலுக்குத்தான் போகும்.

புத்தகங்களை அடுக்கும் முறை அடிக்கடி மாறும். முதலில் வெளிவந்த வரிசையில் அடுக்கியிருந்தார். அப்புறம் கதாநாயகன்வாரியாக. ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் கீழே இறக்கியவர், வில்லன்வாரியாக அடுக்கினால் என்ன என்று யோசித்துவிட்டார். முக்கால்வாசிக் கதைகளில் வில்லன் யாரென்று கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். ஆகவே எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தார். மாட்டுப் பொங்கல் போனது, காணும் பொங்கல் போனது, வெள்ளையடிக்க வந்தவர் பக்கத்து ஊரான அனுமந்தையில் வேறு வேலை கிடைத்துப் போனார்.

கடைசியில் குதிரை, முகமூடி, துப்பறிதல் என்று மூன்றே பிரிவாக முடித்து நிம்மதியாக உட்கார்ந்தார். அப்போது பார்த்து, முகமூடி போட்டவன் குதிரையில் போய்த் துப்பறிகிற புத்தகம் ஒன்று கையில் சிக்கியது. அண்ணன் சாப்பிடவில்லை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றார் விஜயா அக்கா. "மூணு பெட்டியிலயும் ஒரு சீட்டு போட்டு வைங்க, அந்த புக்கு இங்க இருக்குதுன்னு எழுதி. புக்க எங்கனா ஒரு எடத்துல வைங்க. இப்போ கொழம்ப ஊத்திக்கோங்க."

அண்ணன் அப்போது அக்காவைப் பார்த்த பார்வையை நான் கல்யாண வீடியோக்களில்கூடப் பார்த்ததில்லை.

மழைக்காலம் வந்தால் அண்ணன் மனிதராக இருக்கமாட்டார். காகிதத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு வேப்பிலை வைத்தார். புதுச் செருப்பு, புது பேக் யார் வாங்கினாலும் உள்ளேயிருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது தெருவின் எழுதாத சட்டம். அதுவும் போதாமல் ஒரு தடவை கல்லுப்பைத் துணியில் முடிச்சு முடிச்சாகக் கட்டி ரேக்கில் தொங்கவிட்டார். முடிச்சுகள் காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொட்ட ஆரம்பித்தன. எதிர்வீட்டு ரோசி அக்கா உப்பளத்தில் உப்பு வாரும் வேலை செய்பவர். வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ண்ணா, உப்பு தண்ணி விடும்னு தெரியாதா? தெனம் அதத்தான எட போடுறீங்க?"

"ஆபீஸ் விஷயத்த வீட்டுல யோசிக்கறதில்லம்மா," என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகுதான் அந்த டப்பாக்களை வாங்கினார். மூடியில் ரப்பர் வளையம் வைத்து, நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடுகிற பெரிய பிளாஸ்டிக் டப்பாக்கள். சும்மா நம்பிவிடுவாரா? ஒரு டப்பாவுக்குள் பழைய செய்தித்தாளை வைத்து மூடி, துணி ஊறவைக்கும் தொட்டியில் அமுக்கி, மேலே செங்கல்லை ஏற்றிவிட்டு, தெருவையே கூப்பிட்டார். எல்லோரும் டீ குடித்து முடித்ததும் திறந்தார். "தொட்டுப் பாருங்க! மொறுமொறுன்னு இருக்குது!" செய்தித்தாள் கைக்குக் கை மாறியது. கோயில் பிரசாதத்தைக்கூட அவ்வளவு மரியாதையாக யாரும் தொட்டதில்லை. எல்லாப் புத்தகங்களும் டப்பாவுக்குள் போயின. அண்ணன் முகத்தில் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கிய களை தெரிந்தது.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது.

காலையிலிருந்தே விடாத மழை. மதியத்துக்குள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். உப்பளம் எது, ரோடு எது என்று தெரியவில்லை. மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு எல்லோரையும் ஏற்றிப் போக டிராக்டர் வந்து நின்றது. என் கணவர் புதுச்சேரியில் மாட்டிக்கொண்டார். வண்டி ஓடவில்லை, போனும் போகவில்லை. பாப்பாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. குளிர்காற்று பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் நெபுலைசர் மிஷின் இல்லாமல் நான் எங்கேயும் போகமாட்டேன். டிராக்டருக்குக் கூரை கிடையாது. மிஷினைக் கேரிபேக்கில் சுற்றினேன், அது கிழிந்தது. இன்னொன்றில் சுற்றினேன், அதுவும் கிழிந்தது. பாப்பாவையும் மிஷினையும் தூக்கிக்கொண்டு முன்போர்ஷனுக்கு ஓடினேன்.

அங்கே ரோசி அக்கா ஏற்கெனவே நின்றிருந்தார். முந்தானைக்குள் எதையோ அணைத்துப் பிடித்திருந்தார்.

"ண்ணா, பெரிய கவர் ஏதாச்சும் இருக்குதா? பொண்ணோட நர்சிங் சர்டிபிகேட்டு. இது நனஞ்சிடுச்சின்னா அவ்ளோதான்."

அண்ணன் ரோசி அக்காவைப் பார்த்தார். என் கையிலிருந்த மிஷினைப் பார்த்தார். திரும்பி நடு அறையைப் பார்த்தார்.   விஜயா அக்கா ஒரு பழைய புடவையை எடுத்துக் கட்டில்மேல் விரித்தார்.

அண்ணன் போனார். முதல் டப்பாவின் கொக்கிகளைப் படபடவென்று திறந்தார். புடவைமேல் கவிழ்த்தார். மூலை மடங்கிவிடுமென்று ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு கையால் எடுக்கிற மனிதர், மணலைக் கொட்டுவதுபோலக் கொட்டினார்.

"மிஷின உள்ள வைம்மா. மருந்து, பால் பாட்டிலு, பாப்பா துணி எல்லாத்தையும் வை." மூடிக் கொக்கி போட்டு மேலே ஒரு தட்டு தட்டினார். "ஒண்ணும் ஆவாது. தண்ணிக்குள்ள போட்டாலும் ஆவாது."

அடுத்த டப்பா ரோசி அக்காவுக்கு. அதற்குள் தெருவில் விஷயம் பரவிவிட்டது. ரேஷன் கார்டு, பட்டா, கல்யாண ஆல்பம், ஒரு தாத்தாவின் காது மிஷின் என்று வந்துகொண்டே இருந்தன. ஒருவர் கோழியோடு வந்தார்.

"யோவ், இதுக்குள்ள காத்து போவாதுய்யா! செத்துடும்!"

"அப்போ மூடிய லேசா தொறந்து வெச்சிக்கினா?"

"கோழிய கையில புடிச்சிக்கினு ஏறு!"

கடைசி டப்பாவும் காலியானது. கட்டில்மேல் மலைபோலக் கிடந்த புத்தகங்களை ஒரு பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, அண்ணன் கதவைச் சாத்தினார். என் டப்பாவைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார்.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் நான் பயந்தது நடந்தது. பாப்பாவின் விலா எலும்புகள் உள்ளே இழுத்தன. விளக்குக்காக அங்கே ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். டப்பாவைத் திறந்தேன். மிஷின் பொரி மாதிரி உலர்ந்திருந்தது. சுவிட்சைப் போட்டதும் அது உறுமிய சத்தத்தைப்போல இனிமையான சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. புகையோடு மருந்து உள்ளே போகப்போக மூச்சு அடங்கிச் சீரானது. அண்ணன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ பரவால்லியாம்மா?"

"பரவால்ல ண்ணா."

"பரவால்லியா?" மறுபடியும் கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பினோம். நடு அறை ஜன்னல் பிய்ந்து போயிருந்தது. பிளாஸ்டிக் ஷீட்டைக் காணோம். கட்டில்மேல் பாதிப் புத்தகங்கள் ஊறி, உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அண்ணன் ஒன்றை எடுத்தார். பக்கங்கள் பிரியாமல் கட்டியாக வந்தது. அதைக் கீழே வைக்கவும் மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"போவட்டும் விடு," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அப்போது ரோசி அக்கா டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கட்டிலைப் பார்த்தார். திரும்பிப் போனவர், கொஞ்ச நேரத்தில் பாதித் தெருவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் கொடிக்கயிறு, கிளிப்பு, கொசுவலை, பழைய செய்தித்தாள், விசிறி.

"எங்க காய வெக்கணும், சொல்லுங்கண்ணா."

 அடுத்த நிமிடம் பழைய அண்ணன் திரும்பிவிட்டார்.

"வெயில்ல வெக்காதீங்க! நெழல்ல! ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, காத்து படட்டும்! யாருய்யா அது நாக்குல வெரல வெக்கிறது?"

தாழ்வாரம் முழுக்கக் கொடி கட்டிக் காமிக்ஸ் தொங்கியது. பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் செருகுவதாக உட்கார்ந்தவர்கள் எல்லோரும் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலை நின்றுபோனது. கடைசிப் பக்கம் கரைந்துபோன புத்தகங்கள்தான் பெரிய தொல்லை.

"ண்ணா, இந்த வைரத்த எடுத்தது யாரு? பக்கமே இல்ல."

"சமையல்காரன்."

"அந்த தாடிக்காரன் இல்லியா?"

"அவன் போலீசு. தாடி ஒட்டு தாடி."

ஒவ்வொரு கதைக்கும் முடிவு அண்ணனின் மனதில் இருந்தது. கேட்கக் கேட்கச் சொன்னார். சொல்லச் சொல்ல எழுந்து நின்று, குதிரை ஓட்டி, கத்திச் சண்டை போட்டுக் காட்டினார். தெருவே சுற்றி உட்கார்ந்து கேட்டது. ஒரு புத்தகத்தையும் தனியே விட்டுக்கொடுக்காத அந்த மனிதருக்கு, தன்னிடம் இவ்வளவு கொடுக்க இருந்தது அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

புயலில் அடைபட்ட சாலைகள் திறந்து என் கணவர் வந்து சேர்ந்தபோது அவரும் ஒரு கொடி கட்டினார். மலையில் தொங்கியவன் பிழைத்தான் என்று அண்ணன் அவருக்கு இலவசமாகச் சொன்னார்.

காய்ந்தவை அப்பளம்போல வளைந்திருந்தன. அவரவர் தமக்குத் தோன்றியபடி டப்பாவில் போட்டார்கள். ரோசி அக்கா ஒரு டப்பாவுக்கு மேல் காகிதம் ஒட்டி, 'அழுவாச்சி' என்று எழுதியிருந்தார். அண்ணன் மற்றதையெல்லாம் பிரித்துத் தன் பழைய ஒழுங்குக்கு மாற்றினார். அந்த ஒரு டப்பாவை மட்டும் மாற்றவில்லை. "அதுவும் ஒரு பிரிவுதான்," என்றார்.

அடுத்த தை மாதம் பாப்பாவுக்குக் காது குத்தவேண்டும் என்று மாமியார் சொன்னார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவது எங்கள் வழக்கம். நான் வீட்டுக்கு ஒரே பெண். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. சித்தப்பா மகன்களில் யாரைக் கூப்பிடலாம் என்று மாமியார் போனில் பேர் பேராகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனை வைத்துவிட்டு முன்போர்ஷனுக்குப் போய், தாய்மாமன் நீங்கள்தான் என்று அண்ணனிடம் சொன்னேன்.

அண்ணன் திகைத்துப்போனார். "நானா? எனக்கு அதுல என்னா செய்யணும்னே தெரியாதேம்மா."

"மடியில வெச்சிக்கினு உக்காரணும், அவ்ளோதாங்க," என்றார் விஜயா அக்கா.

பெருமுக்கல் மலைக்கோயிலில் காதுகுத்து வைத்தோம். பாப்பாவை யாரிடமும் கொடுக்காமல், படியெல்லாம் அவரே தூக்கிக்கொண்டு ஏறினார். புது வேட்டி வழுக்க வழுக்க, சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்தார். பாப்பா வீறிட்டு அழுதாள். அவள் சீக்கிரம் நிறுத்திவிட்டாள். அண்ணனைச் சமாதானப்படுத்தத்தான் எங்களுக்கு நேரமாயிற்று.