எட்டு எலிக் கணினியும் ஒற்றைப் பலப்பமும்

ஒருவர் கையில் ஓடும். எட்டுப் பேர் கையில் நின்றுவிடும். அது என்ன? 'தேர்' என்று சொன்ன குழந்தைகள் உட்காரலாம். தேருக்கு ஆள் சேரச் சேரத்தான் ஓட்டம். மற்றவர்கள் கதையைக் கேளுங்கள்.

ஒரு காட்டில், ஆற்றோர வளையில், செங்கமலம் என்ற முயல் தன் குட்டி புஜ்ஜியுடன் வசித்தது. அடைமழைக் காலம். வெள்ளம் வளைக்குள் வருமா, வராதா? வருமென்றால் மூட்டை கட்ட வேண்டும். அதைக் கணக்கிட முயலிடம் ஒரு கணினி இருந்தது.

அந்தக் காட்டில் கணினி என்றால் ஒரு பெட்டி; உள்ளே ஓர் எலி. எலி சிலேட்டில் பலப்பத்தால் கணக்குப் போடும். ஆண்டுதோறும் தீனியைக் கூட்டினார்கள். எலியும் வேகத்தைக் கூட்டியது. இந்த ஆண்டு அதன் காதிலிருந்து புகை வந்தது.

"இதுக்கு மேல ஓடினா நான் வறுவல்தான்" என்றது எலி.

செங்கமலம் நரியின் கடைக்கு ஓடியது.

"ஒத்தை எலியை விரட்டுற காலமெல்லாம் போச்சு, தங்கச்சி! இது எட்டு எலிப் பெட்டி. எட்டு மடங்கு வேகம்!"

முயல் கேள்வியை உள்ளே போட்டது. ஓர் எலி கணக்குப் போட்டது. ஏழு எலிகள் கொட்டாவி விட்டன.

"அண்ணாச்சி, ஏழு பேர் தூங்குறாங்களே!"

"கேள்வியை நீதான் எட்டாப் பிரிச்சுக் கொடுக்கணும்."

"எனக்குக் கேட்கத்தானே தெரியும், பிரிக்கத் தெரியாதே!"

"யாருக்குத்தான் தெரியுது? அதனாலதானே தள்ளுபடியில கொடுத்தேன்."

முயல் பெட்டியை வளைக்குக் கொண்டுவந்து, மண்டையை உடைத்துக்கொண்டு, ஆற்றில் சேரும் ஓடைகளை எலிக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தது. எலிகள் பறந்தன. ஆனால் மொத்தம் எழுத ஒரே சிலேட்டு. அதில் 'பத்துக் குடம்' என்றிருந்தது. இரண்டு எலிகள் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தன. இரண்டுமே தத்தம் ஐந்து குடத்தைக் கூட்டி, 'பதினைந்து' என்று எழுதின. ஐந்து குடம் தண்ணீர் காட்டை விட்டே காணாமல் போனது.

"இனிமே ஒரே பலப்பம்தான். அது கையில இருக்கிறவங்க மட்டும் எழுதணும்!" என்றது முயல்.

உடனே வரிசை நின்றது. ஓர் எலி பலப்பத்தைப் பிடித்தது. இன்னோர் எலி சிலேட்டைப் பிடித்தது.

"சிலேட்டைக் கொடுடா, எழுதிட்டு பலப்பம் தர்றேன்."

"நீ முதல்ல பலப்பத்தைக் கொடு, எழுதிட்டு சிலேட்டு தர்றேன்."

இரண்டும் நாகரிகமான எலிகள். அடித்துக்கொள்ளவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தன.

"அம்மா, கால் நனையுது" என்றது புஜ்ஜி.

"இரு, பதில் வரட்டும்."

"பதில் வயிறு வரைக்கும் வந்துடுச்சும்மா!"

இரண்டு முயல்களும் பெட்டியோடு மேட்டில் ஏறித் தப்பின. வளை போய்விட்டது. நரியும் நனைந்துபோய் அங்கே வந்து சேர்ந்தது.

"பழையபடி ஒத்தை எலியே தரட்டுமா, தங்கச்சி?"

"மாமா, இந்த எலிங்களுக்குப் படம் வரையத் தெரியுமா?" என்று குறுக்கே கேட்டது புஜ்ஜி.

"ஓ! ஆளுக்கொரு கட்டம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை."

எலிகள் ஆளுக்கொரு கட்டமாக வரைந்து தள்ளின. அந்தப் படங்களில் காரட் பிடிக்கும் விளையாட்டு மின்னலாக ஓடியது.

"வீடு போச்சேடா!" என்று அழுதது செங்கமலம்.

புஜ்ஜி எட்டு எலிப் பெட்டியையே வைத்துக்கொண்டது.

நீதி: கூடி உழைத்தால் கோடி நன்மை, ஆனால் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய வேலையாக அது இருக்கக் கூடாது.