முதல் பஸ் வருவதற்குள் முடிக்க வேண்டிய கேஸ்

கள்ளக்குறிச்சி
24-9-1987

சென்னையிலிருந்தபடியே என் வேலையைப் பார்த்துத் திருத்திவரும் ஜெயசுதா அம்மையார் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற நில அளவர் சுப்புராயன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவி கமலாவும் சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கள் இல்லத்தாரும் அப்படியே இருக்க வேண்டும். வயதில் தாங்கள் என் மகள் மாதிரி. ஆனால் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்துவைக்கும் இந்தத் தொழிலில் எனக்குக் குரு. மூன்று வாரப் பயிற்சியில் தாங்கள் சொன்ன நான்கு விதிகளையும் அட்டையில் எழுதி முன்னறையில் மாட்டியிருக்கிறேன். ஒன்று, யார் பக்கமும் சாயாதே. இரண்டு, அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல். மூன்று, கேள்வி கேட்டபின் வாயை மூடு. நான்கு, சொந்த வீட்டு விவகாரத்தைக் கேஸுக்குள் கொண்டுவராதே. இந்த மாத ரிப்போர்ட் தாமதமானதற்கு நான் காரணமல்ல. இடஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் நடந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ரோட்டோர மரங்களையெல்லாம் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை, போலீஸ் வேன் சத்தம் கேட்டால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும்.

மறியல் தொடங்கிய பதினேழாம் தேதி காலை, பக்கத்துத் தெரு கொளஞ்சியம்மாள் கையில் துணிப்பையோடு வந்தாள். புருஷன் அய்யனாருக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை. மூன்று மாதத்துக்கு முன் கச்சிராயபாளையத்தில் கொளஞ்சியின் தாய் இறந்தபோது, மருமகன் உடல்மேல் போட வேண்டிய கோடிச்சேலையோடு அவன் வரவில்லை. ஆலைக்குச் சேதி போயும் வரவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. “அந்த வூட்ல இனிமே ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்க. மொத பஸ் எப்ப வருதோ அப்ப எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன். அவரே ஒறவத் தீத்து வுட்டுடச் சொல்லிட்டாரு” என்றாள். அதுவரை எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று கமலா பையை வாங்கி உள்ளே வைத்தாள். ஊரே மரத்தை எப்போது எடுப்பார்கள் என்று காத்திருக்க, நான் மட்டும் எடுத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ரோடு திறந்தால் அந்தக் குடும்பம் அறுந்துவிடும்.

அய்யனாரை அழைக்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. முப்பத்து நான்கு வருட சர்வீஸ் பழக்கம், ஆள் இல்லாவிட்டால் நோட்டீஸைக் கதவில் ஒட்டிச் சார்வு செய்ய, அதாவது சேர்ப்பித்ததாகக் கணக்கிட, வேண்டும். கஞ்சி தடவி ஒட்டிவிட்டேன். “கொளஞ்சியம்மாள் வகையறா தாம்பத்திய தாவா, நாளை காலை பத்து மணிக்கு விசாரணை, தவறினால் ஒருதலைப்பட்சமாக முடிவெடுக்கப்படும்.” மறுநாள் பத்து மணிக்குத் தெருவே வந்துவிட்டது. பஸ் இல்லாததால் யாருக்கும் வேறு வேலையும் இல்லை. அவர்களை விரட்டிக் கதவைத் தாழிடுவதற்குள், அய்யனார் நோட்டீஸைக் கசக்கி என் மேஜைமேல் எறிந்து, “இன்னா சார், என் பொண்டாட்டி இன்னா பொறம்போக்கா?” என்று கேட்டான். தப்பு என்னுடையதுதான். வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டாம் விதியைக் கடைப்பிடித்தேன். கொளஞ்சி, “பெத்தவ செத்ததுக்கு வராதவன் மனுசனா?” என்றாள். நான் அவளைப் பார்த்து, “வராதவன் மனுஷனா என்று கேட்கிறீர்கள்” என்றேன். அய்யனார் எழுந்து என் சட்டையைப் பிடித்துவிட்டான். “நீயும் கேக்குறியா?” மறுநாள் மூன்றாம் விதி. கடிகாரத்தைப் பார்த்துப் பதினோரு நிமிடம் வாயைத் திறக்கவில்லை. அய்யனார் குறட்டை விட்டான், கொளஞ்சி எழுந்துபோய்ப் பையைச் சரிபார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்குத்தான் புழக்கடையில் சைக்கிளில் வந்த யாரோடோ பேசிவிட்டு கமலா முகம் வாடி வந்து, “ஒங்ககிட்ட ஒரு சேதி சொல்லணுங்க” என்றாள். நான் சுவரில் இருந்த நான்காம் விதியைக் கைகாட்டினேன். கேஸ் முடியும்வரை வீட்டு விஷயம் பேசுவதில்லை என்ற விதியை ஏழு நாளும் நான் ஒருமுறைகூட மீறவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நேற்று மாலை, மரங்களை அறுத்துத் தள்ளுகிறார்கள், காலையில் பஸ் ஓடும் என்று சேதி வந்தது. கொளஞ்சி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தங்கள் விதிகள் எல்லாம் மறந்துபோய், தெரிந்த வேலையைச் செய்தேன். தாளை விரித்து, ஆலையிலிருந்து கச்சிராயபாளையம்வரை வரைபடம் போட்டேன். சேதி கிடைத்த நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் சைக்கிளில் வந்திருக்க முடியுமா முடியாதா என்று பார்த்துவிடலாம் என்று. சங்கராபுரம் குறித்தேன், கள்ளக்குறிச்சி குறித்தேன், கச்சிராயபாளையம் எல்லையில் வாய்க்கால் பாலம், பாலத்தோரம் புளியமரம். அய்யனார் எட்டிப்பார்த்து, “அந்த மரம் ஏது சார் இப்ப? அன்னிக்கே வெட்டிட்டாங்களே. அடிக்கட்டை ஈரமா இருந்துச்சு” என்றான்.

அந்த மரத்தைத் தாயின் சிதைக்காக இறந்த அன்றே வெட்டியது கொளஞ்சியின் அண்ணன். “ஈரமா இருந்தது ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அவள். மூன்று மாதத்தில் புருஷனைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “வந்தேன். சங்கராபுரத்துல டியூபு வெடிச்சுப் போச்சு, தள்ளிக்கினே வந்தேன். பாலத்தாண்ட வர்றப்ப சுடுகாட்டுல பொக தெரிஞ்சுது. எல்லாம் முடிஞ்சப்புறம் சேலையத் தூக்கிக்கினு எந்த மூஞ்சியோட வர்றது? திரும்பிட்டேன். சேல இன்னும் மில்லுப் பொட்டியிலதான் கெடக்குது.” கொளஞ்சி பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். “பொக பாத்துக்கினு நின்னியே, இன்னும் நாலு எட்டு நடந்து வந்திருக்கக் கூடாதா?” என்று அவன் தோளில் அடித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, விதியில் அதற்குத் தடை இல்லை என்று நினைக்கிறேன். இன்று காலை முதல் பஸ்ஸில் இருவரும் சேர்ந்தே ஏறினார்கள். முதலில் ஆலைக்குப் போய்ச் சேலையை எடுத்துக்கொண்டு, பிறகு அண்ணன் வீட்டுக்கு.

ஆகவே அம்மா, இந்தத் தொழில் எனக்குக் கைவந்துவிட்டது என்று துணிந்து சொல்வேன். பெண்கள் மனதில் இருப்பதைக் கேட்டறியும் கலை என்னிடம் இயல்பாகவே இருந்திருக்கிறது. (இப்போது கமலா வெளியே வந்து ஏதோ சொன்னாள். ரிப்போர்ட் எழுதுகிறேன் என்று கையைக் காட்டினேன். போய்விட்டாள்.) தங்களிடம் இனிப் பயிற்சி பெறுவோருக்கு இந்த வரைபட முறையை நானே வந்து சொல்லித்தரவும் தயார். தங்கள் தகப்பனாருக்கு என் வணக்கத்தையும், தங்கள் குழந்தைகளுக்கு என் ஆசிகளையும் சேர்ப்பிக்கவும். தாங்கள் தீர்க்காயுசாக இருந்து ஊர்ப்பட்ட குடும்பங்களைச் சேர்த்துவைக்க வேண்டும்.

இங்ஙனம்,
சுப்புராயன்

பி.கு.: தபாலில் போடக் கிளம்பினேன். வாசல் கதவில் கஞ்சி தடவி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கமலாவின் கையெழுத்து. “உளுந்தூர்பேட்டையில எங்க அக்காவுக்கு ரொம்ப முடியலன்னு சேதி வந்து அஞ்சு நாளாச்சு. சொல்ல வந்தேன், அட்டையக் காட்டுனீங்க. இன்னிக்கிப் பஸ் வந்துடுச்சுன்னு சொன்னேன், கையக் காட்டுனீங்க. நான் போறேன். கேஸு நோட்டு எடுத்துக்கினு வராதீங்க.” தெருவே நின்று படித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த பஸ் சாயங்காலம்தானாம். சைக்கிளை எடுத்துவிட்டேன். டியூப் பழசு. அங்கே என்ன முடிந்திருந்தாலும் பாலத்தில் நின்று திரும்பிவிடமாட்டேன் அம்மா, அவளிடம் போய் நிற்பேன். மேலே எழுதியதைத் தாங்கள் படிக்க வேண்டாம். என்னைக் கேஸாக எடுத்துக்கொள்வீர்களா?