ஊசி நானாவும் என் சிவப்பு வாயும்

கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினாலும் ஊசி நானாவைப் போல ஒரு பிடிவாதக்காரர் கிடைக்க மாட்டார். காத்தான்குடிக்காரர், அங்கே அண்ணனை நானா என்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஓட்டோ சாரதி. புளியந்தீவில் பள்ளிக்கூடம் விடும்வரை மற்றச் சாரதிமார் தூங்குவார்கள், இவர் குறுக்குத் தையல் போடுவார்.

பின்சீட்டில் தினமும் நடந்த குடுமிப்பிடிச் சண்டையை நிறுத்தத்தான் பிள்ளைகளின் கையிலும் ஊசியைக் கொடுத்தாராம். பூ, கிளி என்று அச்சடித்த படமெல்லாம் அவரிடம் செல்லாது. பிள்ளை தானே கீறிய படத்தைக் கணக்குக் கொப்பியின் கட்டங்களில் பார்த்துக் கீறி, கட்டத்துக்கு ஒரு புள்ளடியாக, அதாவது ஒரு பெருக்கல் குறியாக, துணியில் தைக்க வேண்டும். மாட்டுக்கு ஐந்து கால் இருந்தால் ஐந்தும் தைக்கப்படும். ஒரு தாய் நாலாக்கச் சொன்னதற்கு, மாட்டைக் கீறினவளிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தைத்து முடிந்தவை ஓட்டோவுக்குள் தொங்கும். ஊரே பார்க்கும்.

அவரது ஓட்டோவில் போகும் என் ஏழு வயது மகள் என்னைக் கீறித் தைத்து, தொங்கவிடுமுன் காட்ட வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முகத்தில் முக்கால்வாசி வாய். திறந்த, சிவப்பு வாய். வீட்டில் நான் கொஞ்சம் சத்தம் போடுகிற ஆள்தான், அதற்காக அதை ஊர்வலம் விட வேண்டுமா? அவள் விளையாடப் போன நேரம் சிவப்பைப் பிரித்து, சின்னப் புன்னகையாகத் தைத்துவைத்தேன். நன்றாகத்தான் வந்தது.

மகள் வந்து பார்த்தாள். அழவில்லை. இனித் தைக்க மாட்டேன் என்று ஊசியை என்னிடமே தந்துவிட்டாள்.

மறுநாள் காலை வாசலில் ஊசி நானா துணியை ஒரு தரம்தான் பார்த்தார்.

“இது புள்ளயிட தையலில்ல சேர். அவ இடக்கையால தைக்கிறவ, மேல்நூல் அங்கால சாயும். இது இஞ்சால சாஞ்சி கிடக்கு.”

கத்துகிற வாயை யார் தொங்கவிடுவார்கள் என்று முணுமுணுத்தேன்.

“வாய் ஏன் திறந்திருக்கெண்டு புள்ளயிட்ட கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அவர் முதல் நாளே கேட்டிருக்கிறார். மகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “அப்பா சிரிக்கிறார். நான் ஆடிக் காட்டக்குள்ள அப்பிடித்தான் சிரிப்பார்.”

நானா கத்தரிக்கோலைத் தந்து என்னைப் பின்சீட்டில் ஏற்றினார். ஐந்து பிள்ளைகள் மேற்பார்வை செய்ய, பாலம் தாண்டும்வரை என் புன்னகையைப் பிரித்துக்கொண்டு போனேன். அன்று பின்னேரமே மகள் ஊசியைத் திருப்பிக் கேட்டாள். வாய் முன்னையதைவிட இரண்டு கட்டம் அகலமாக வந்தது.

இப்போது அந்த ஓட்டோ எங்கள் தெருவில் திரும்பினாலே, அத்தனை கட்டத்துக்கும் எனக்கு வாய் விரிந்துவிடுகிறது.