வெள்ளைப் பூவும் இரட்டை சிலிண்டரும்

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கை கால் ஓடாது. கடையில் இரண்டு வேட்டியைக் காட்டினால், மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று கேட்கிற ஜாதி நான். என் கல்யாணமே நல்லபடியாக நடந்ததற்குக் காரணம், என்னிடம் ஒரே ஒரு பெண்ணைத்தான் காட்டினார்கள்.

அப்படிப்பட்டவனைப் போய் மோட்டார் சைக்கிள் வாங்கச் சொன்னார் எங்கள் பெரிய டாக்டர்.

வெள்ளைக்காரன் காலம். நான் ராசிபுரத்தில் மாட்டு டாக்டர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சைக்கிளில்தான் ஊர் ஊராகப் போவேன். ஒரு நாள் சேலத்திலிருந்து பெரிய டாக்டர் வந்து என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓர் ஊரில் வெக்கை நோய் என்று தகவல் வந்தால், நீர் இதை மிதித்துப் போய்ச் சேருவதற்குள் மாடு செத்து, புதைத்து, புல்லும் முளைத்துவிடும். மோட்டார் சைக்கிள் வாங்கும். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொல்லிமலை அடிவாரத்தில் ஊசி போடுகிறோம். நானும் வருவேன். இருநூறு மாடு நிற்க வேண்டும். நின்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கஞ்சம் ஜில்லாவுக்கு மாற்றல்."

கஞ்சம் ஜில்லா எங்கே இருக்கிறது என்று எனக்கே சரியாகத் தெரியாது. வடக்கே, மெட்ராஸையும் தாண்டி எங்கோ. கல்யாணமாகி மூன்று மாதம். என் மனைவி பாவாயி அன்று முழுக்க அழுதாள். அவளுடைய அப்பா, ராசிபுரத்து நெய் வியாபாரி, அவளைவிட அதிகமாக அழுதார். ஒரே பெண்.

"வண்டி எஞ்செலவு மாப்ளே. எம்பொண்ணு கண்காணாத சீமைக்குப் போகக் கூடாது" என்று என்னைச் சேலத்துக்கு இழுத்துப் போனார்.

கடையில் இரண்டு பழைய வண்டிகள் நின்றன. ஒன்று சின்னது, ஒற்றை சிலிண்டர், இரண்டரைக் குதிரை சக்தி. ("அந்த அரைக் குதிரை, முன்பக்கத்து அரையா, பின்பக்கத்து அரையா?" என்று மாமா கேட்டார்.) இன்னொன்று ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. இரட்டை சிலிண்டர். எருமைக் கடா மாதிரி அகலம்.

"தினமும் ஆபீஸ் போக, வண்டித் தடத்துல ஓட்ட, சின்னதே போதுங்க. கீழ விழுந்தாக்கூட நீங்களே தூக்கி நிறுத்திக்கலாம்" என்றார் கடைக்காரர்.

மாமாவின் முகம் மாறிவிட்டது. "வாங்கறதுக்கு முன்னாலயே உளுகறதப் பத்திப் பேசறானே இவன்! வாங்க மாப்ளே, ஊட்டுக்குப் போய் யோசிக்கலாம்."

யோசித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் மல்லூர் வரைக்கும் சின்னதுதான் என்று முடிவு. மல்லூர் தாண்டியதும் பெரியது. ராசிபுரத்தில் இறங்கும்போது, சைக்கிளுக்கு என்ன குறைச்சல் என்று தோன்றியது. நாலு நாள் இப்படியே போனது. ராத்திரி தூக்கத்தில் நான் சிலிண்டர் எண்ணியதாகப் பாவாயி சொன்னாள்.

கடைசியில் அவள்தான் வழி சொன்னாள். "ஏனுங்க, பேசாம அம்மங்கிட்டப் பூவாக்குக் கேட்டுப் போடுங்க."

வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, நினைத்ததை மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முதல் கிணறு வெட்டுவது வரை இதுதான் கடைசி அப்பீல்.

நானும் மாமாவும் கண்ணை மூடிக்கொண்டு நின்றோம். பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். பளீரென்று வெள்ளை!

"அம்மா தாயே!" என்று மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். மனதில் குழப்பமே இல்லாத ஒரு நாளை நான் அன்றுதான் அனுபவித்தேன்.

மறுநாள் சேலத்துக் கடையில் "அதைக் கொடுங்க" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். என் விரல் சின்ன வண்டியைக் காட்டியது. மாமாவின் விரல் பெரிய வண்டியைக் காட்டியது.

"என்ன மாப்ளே இது? அம்மனே பெரிசுன்னு சொல்லியாச்சே!"

"நான் சின்னதுன்னு நெனச்சுத்தானுங்க மாமா கேட்டேன்..."

"நான் பெரிசுன்னு நெனச்சுத்தானே கேட்டேன்?"

அம்மன் யாருக்கு உத்தரவு கொடுத்தாள்? கடை வாசலில் அரை மணி நேரம் விவாதித்தோம். கடைக்காரர் எங்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். கடைசியில், செலவு யாருடையதோ உத்தரவும் அவருக்குத்தான் என்று முடிவாயிற்று. ("பெரிசே இருக்கட்டுமுங்க மாமா" என்று நானேதான் சொன்னேன். வெட்கக்கேடு.)

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. பெருஞ்சாலை வரை ராஜா மாதிரி போனேன். அடிவாரத்து ஊருக்குத் திரும்பினால் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்குத் தடம். ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் முள்ளைச் சீவிக்கொண்டே வந்தது. என் சட்டைக் கை ஒன்று வேலியிலேயே தங்கிவிட்டது. குறுக்கே ஓர் ஓடை. மணலில் இறங்கியதும் வண்டி சாவகாசமாகப் படுத்துக்கொண்டது. தூக்கினேன். தூக்கிக்கொண்டே இருந்தேன். அது அசையவே இல்லை.

நல்லவேளை, ஊசி போடத் தன் எருது இரண்டையும் ஓட்டிக்கொண்டு அந்த ஊர்ப் பெரிய விவசாயி ஒருவர் வந்தார்; பண்ணாடி என்பார்கள். "அடக் கெரகமே! எந்திரீங்க சாமி" என்று முதலில் என்னைத் தூக்கினார். பிறகு வண்டியை நிமிர்த்தி, கயிறு கட்டி, எருதுகளை விட்டு இழுக்க வைத்தார். நான் மேலே உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

ஊர் வந்துவிட்டது. களத்தில் இருநூறு மாட்டுக்கு மேல் நின்றன. மணி ஒன்பதே முக்கால். பெரிய டாக்டரைக் காணோம். அப்படியே போயிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆனால் இவ்வளவு ஜனம் பார்க்க, மாடு இழுத்த வண்டியிலா போய் இறங்குவது? உதைத்துக் கிளப்பினேன்.

கயிற்றை அவிழ்க்கவில்லை என்பது அதன் பிறகுதான் ஞாபகம் வந்தது.

இரட்டை சிலிண்டர் இடி மாதிரி வெடித்தது. முன்னால் இருந்த எருதுகள் இரண்டும் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு களத்துக்குள் பாய்ந்தன. அந்த மாடுகள் ஜென்மத்தில் மோட்டார் சத்தம் கேட்டதில்லை. முளைக்குச்சி, கயிறு எல்லாம் பிய்த்துக்கொண்டு மலைப்பக்கம் ஓடின. "மாட்டப் புடிங்க! மாட்டப் புடிங்க!" என்று ஊரே கத்தியது. கயிறு அறுந்து நான் ஒரு கடலைக்காட்டில் குப்புற விழுந்தேன்.

எழுந்து பார்த்தபோது பெரிய டாக்டர் நடந்து வந்துகொண்டிருந்தார். களத்தில் காது கேட்காத கிழட்டு எருமை ஒன்று மட்டும் அசை போட்டுக்கொண்டு நின்றது.

"இருநூறு சொன்னேன்" என்றார்.

"ஒண்ணு இருக்குதுங்க சார்" என்றேன்.

கஞ்சம் ஜில்லா என் கண்ணில் தெரிந்தது. பாவாயியின் முகமும் தெரிந்தது. அழுதுவிட்டேன், மறைத்துப் பயனில்லை.

"என்ன வண்டி?" என்றார். காட்டினேன். அவர் தம்முடையதைக் காட்டினார். தூரத்தில் புளியமரத்தடியில் நின்றது, ஒற்றை சிலிண்டர்.

"சின்னதா இருந்திருந்தா மாடு ஓடியிருக்காதுங்களா சார்?"

"அதற்கும் ஓடும். அதனால்தான் அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து வருகிறேன்."

அப்படியானால் எது நல்ல வண்டி? இருந்த கொஞ்சம் தெளிவும் எனக்குப் போய்விட்டது.

ஆனால் அடிவாரத்து ஜனம் தங்கம். இருட்டுவதற்குள் மாடுகளைத் தேடிப் பிடித்து வந்துவிட்டார்கள். பெரிய டாக்டரும் நானும் ஊசி போட்டோம். முடிந்ததும் அந்தப் பண்ணாடி கும்பிட்டார். "சாமி, இவரை மாத்திப்போடாதீங்க. கால் நோவுன்னு ஆறு மாசமா தொழுவத்துல எந்திரிக்காமக் கெடந்த எம்மாடு அந்தச் சத்தத்துல இன்னைக்கு மலையேறி ஓடிப்போச்சுங்க."

பெரிய டாக்டர் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

வேலை நிரந்தரமாயிற்று. பெரிய வண்டியை அந்தக் கடையிலேயே கொடுத்துவிட்டுச் சின்னதை எடுத்தேன். அதில் எத்தனையோ இட்டேரி சுற்றினேன், பல தடவை விழுந்தேன், நானே தூக்கி நிறுத்தினேன். ஆனால் வேலை நிரந்தர உத்தரவில் பெரிய டாக்டர் ஒரு வரி சேர்த்திருந்தார்: இந்த ஊழியர் தமது வாகனத்தை மாடுகள் கட்டிய இடத்திலிருந்து இரண்டு பர்லாங் தள்ளியே நிறுத்த வேண்டும்.

அது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. நான் ஓய்வு பெறும் வரை அந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்கு 'மாடுமுடுக்கி டாக்டர்' என்றுதான் பெயர். இப்போதும் எங்கள் வீட்டில் மகனோ பேரனோ வண்டியைக் கிளப்பினால், அடுப்படியிலிருந்து பாவாயியின் குரல் வரும். "ஏனுங்க, மாட்டையெல்லாம் கட்டியாச்சுங்களா?"

நாங்கள் மாட்டை விற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.