சம்பந்தியின் பூச்சிமருந்தும் என் வாய்த்துடுக்கும்

முகையூர்.

மரியாதைக்குரிய சம்பந்தி சக்கரபாணி அவர்களுக்கு முருகையன் பணிவோடு வணங்கி எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரி பாஞ்சாலியும் சுகம். திண்டிவனத்தில் நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகள் மலர்விழியும் சுகமாக இருக்க வேண்டும். நீங்கள் என் போனை எடுப்பதில்லை, நம்முடைய மல்லாட்டை விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவை விட்டும் வெளியேறிவிட்டீர்கள், ஆகவே தபால்காரரை நம்பி எழுதுகிறேன்.

அசுவினிப் பூச்சிக்குச் சலவைத்தூளும் கல்லுப்பும் கரைத்துத் தெளிக்கலாம் என்று நீங்கள் வீடியோ போட்டீர்கள். குழுவே கைதட்டியது. நானும் உங்கள் மேலுள்ள நம்பிக்கையில் ஒரு பாத்திக்குத் தெளித்தேன், மறுநாள் நிலக்கடலை இலையெல்லாம் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று நின்றது. மற்றவர்கள் முழுக் கொல்லைக்கும் தெளித்துவிடுவார்களே என்று பதறினேன். ஆனால் பெண் கொடுத்த இடமாயிற்றே, எப்படிச் சொல்வது? "சம்பந்தி அவர்களின் மருந்து மிகவும் வீரியமானது, இலைகளுக்குத்தான் அதைத் தாங்கும் பாக்கியம் இல்லை" என்று எழுதினேன். நீங்களோ 'வீரியமானது' என்பதோடு படிப்பதை நிறுத்திவிட்டு, நன்றி சொல்லி, அதையே எல்லோர் கண்ணிலும் படும்படி குழுவில் பின் பண்ணி வைத்தீர்கள். அதைப் பார்த்த அனந்தபுரம் குமரேசன், "அண்ணே, நீங்களே சொல்லிட்டீங்க, நாளைக்கு ரெண்டு காணிக்கும் அடிச்சிடறேன்" என்று குரல் பதிவு போட்டார். எனக்கு உயிரே போயிற்று. "யோவ், யாரும் அடிக்காதீங்க! இது மருந்து இல்ல, துணி தொவைக்கிற தண்ணி! போட்டவருக்கு மல்லாட்டைக்கும் லுங்கிக்கும் வித்தியாசம் தெரியல!" என்று தட்டிவிட்டேன்.

குமரேசனின் பயிர் பிழைத்தது. நான் பிழைக்கவில்லை. மலர்விழி போன் செய்து, "இன்னாப்பா இது? மாமா சோத்துல கைய வச்சிக்கினு போனையே பார்த்துக்கினு கீறாரு. 'தப்புன்னா தப்புன்னு சொல்லட்டும்மா, லுங்கி எதுக்கு?'ன்னு கேக்குறாரு" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை சம்பந்தி, கண் கலங்கிவிட்டது. பாஞ்சாலியோ, "தனியா ஒரு போன் போட்டிருந்தா ஜல்தியா முடிஞ்சிருக்கும். பூச்சி மேல இருந்த கோவத்த மனுஷன் மேல காட்டிட்டியே" என்று கேப்பைக் கூழை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

மருந்தைப் பற்றிச் சொன்னதை நாளைக்கும் சொல்வேன். லுங்கியை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மலர்விழிக்கு டைபாய்டு வந்தபோது விழுப்புரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். அந்த மனிதரை நாலு பேர் முன்னால் நக்கல் செய்திருக்கக் கூடாது. குழுவுக்குத் திரும்பி வாருங்கள், நீங்கள் இல்லாமல் எல்லோரும் காலை வணக்கப் பூப்படம் போட்டுப் பேஜாரு பண்ணுகிறார்கள். இனிமேல் எதுவானாலும் உங்களிடம் தனியாகத்தான் சொல்வேன், குழுவில் வாய் திறக்க மாட்டேன். இது சத்தியம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகள் இருவருக்கும் நிறைந்த ஆசி.

என்றும் தங்கள் அன்பை வேண்டும்,
முருகையன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது, நீங்கள் குழுவில் மறுபடி சேர்ந்து வீடியோ போட்டிருப்பதைப் பாஞ்சாலி காட்டினாள். "சம்பந்தி சொன்னதுதான் சரி, என் பாத்தியும் கருகிடுச்சி" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்களே, பெரிய மனசு. ஆனால் வேப்பெண்ணெய்க் கரைசலை எதிர்காற்றில் நின்று தெளிக்கிறீர்கள், அத்தனையும் உங்கள் கண்ணில் விழுகிறது. போன் போட்டேன், எடுக்கவில்லை. மனசு கேட்காமல் குழுவிலேயே எழுதிவிட்டேன். கொஞ்சம் சத்தமாக.