ல கோஃப்கள் எல்லாரும் பங்காளிகளா?

அன்புத் தங்கை மரிவோனுக்கு,

அண்ணன் கொரன்தான் எழுதிக்கொள்வது. இங்கே மழை, நான், என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். பாரிஸில் நீயும் மாப்பிள்ளையும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும்.

"அவளும் ல கோஃப், நீயும் ல கோஃப். நம்ம ரத்தமா இல்லையான்னு விசாரி. விசாரிக்காம கல்யாணம் பண்ணினா சாட்சிக் கையெழுத்துப் போட நான் வரமாட்டேன்" என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் இது. அறுபத்தாறு வயதில் முதல் கல்யாணம். நீ இல்லாமல் மேயர் முன்னால் போய் நிற்க எனக்கு மனசில்லை.

சோலான்ஷ் போன வசந்தத்தில் எதிர்வீட்டுக்குக் குடிவந்த விதவை. அவளுக்கு வரும் பார்சலெல்லாம் என் வீட்டு வாசலில் விழும். கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் ஒரு கோதுமைத் தோசையும் ஒரு கோப்பை ஆப்பிள் சிடரும் கிடைக்கும். முதல் நாளே எங்கோ ஜென்ம ஜென்மமாகப் பார்த்த முகமாகத் தோன்றியது, விதி என்றால் இதுதான் என்று நினைத்தேன். காபிக் கடை லோயிக் வேறு, "ஒரே பேரு, கொடுத்து வச்சவன்யா நீ! தபால் பெட்டியில பேருகூட மாத்த வேண்டாம்" என்கிறான். ஆனால் உன் கடிதம் வந்ததிலிருந்து தோசை தொண்டையில் இறங்கவில்லை. பல் டாக்டர் வீட்டில் "ல கோஃப்!" என்று கூப்பிட்டால் நாலு பேர் எழுந்திருக்கிறோமே, அத்தனை பேரும் பங்காளிகளா, சொல்லு பார்ப்போம்! இத்தனை வருஷமாக இதை யோசிக்காமலேயே இருந்திருக்கிறேன்.

நம் கெமெனெர் வாத்தியாரிடம் போனேன். ஓய்வுபெற்றதிலிருந்து ஊர்ப்பெயர் ஆட்பெயர் ஆராய்ச்சியிலேயே பைத்தியமாக இருக்கிறார். சுவரில் பிரான்ஸ் வரைபடம். ல கோஃப் குடியிருக்கும் ஊருக்கெல்லாம் சிவப்புப் புள்ளி: நம் பிரெத்தாஞ் மாகாணம் முழுக்க அம்மை போட்டது மாதிரி, பாரிஸில் ஒரு பெரிய கொப்புளம்.

"அது என்ன வாத்தியாரே?"

"ரயிலேறிப் பிழைக்கப் போனவங்க. உன் தங்கச்சி மாதிரி. மத்தபடி தெக்கே ஒண்ணு ரெண்டுதான். கோஃப்னா நம்ம பாஷையில கொல்லன். ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தான், ஊருக்கு ஊர் ஒரு ல கோஃப் மொளைச்சான். வடக்கே போனா அவனே லெஃபேவ்ர், தெக்கே ஃபாப்ர். லாடம் அடிச்சவனெல்லாம் உனக்குச் சித்தப்பனா? என் பேரையே பாரு. கெமெனெர்னா தையக்காரன். அதுக்காக ஊசி பிடிச்சவனெல்லாம் எனக்கு மாமனா?"

"அப்ப எந்தப் பேருக்குத்தான் பயப்படணும்?"

"'கெர்'னு ஆரம்பிக்கிற பேருக்கு. அது பண்ணையோட பேரு. உங்கம்மா பொறந்த வீட்டுப் பேரு கெர்லுவான்தானே? இந்தக் கோடியில ஒரே ஒரு பண்ணைக்குத்தான் அந்தப் பேரு. அங்கேருந்து கெளம்பினவங்கதான் அத்தனை பேரும். அதுல ரெண்டு பேர் சந்திச்சா, சொந்தமான்னு கேக்கவே வேண்டாம், எந்த வகையில சொந்தம்னு கேளு."

பிழைத்தோமடா சாமி என்று அவர் கன்னங்களில் நாலு முத்தம் வைத்துவிட்டு ஓடிவந்தேன். நேரே சோலான்ஷ் வீட்டுக்குப் போய்க் கேட்டேவிட்டேன். சரி என்றாள்! கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை கல்யாணம். அன்றைக்குப் போட்டுக்கொள்ள எந்தத் தொப்பி வேண்டுமானாலும் வாங்கிக்கொள், காசு நான் தருகிறேன்.

நம் கொல்லப் பாட்டனின் உலைபோல உன் வீடு எப்போதும் கதகதப்பாக இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் முத்தங்கள்.

உன் சந்தோஷ அண்ணன்,
கொரன்தான்

பி.கு.: தொப்பி வாங்காதே. இன்று அனைத்துப் புனிதர்கள் திருநாள் அல்லவா, சாமந்திச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சோலான்ஷோடு பக்கத்து ஊர்க் கல்லறைக்குப் போனேன். கல்லின் மேலே அவள் புருஷன் பெயர்: ல கோஃப். பெயரே அந்த மனுஷனுடையது! விதவை என்று தெரிந்தும் என் மண்டையில் அது ஏறவில்லை, ஒரு செத்த கொல்லனின் வம்சத்தைத்தான் இத்தனை நாளாக ஆராய்ந்திருக்கிறேன். அவன் பெயருக்குக் கீழே, நம் வழக்கப்படி, அவள் பெயரையும் இப்போதே வெட்டிவைத்து, கடைசி வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். 'சோலான்ஷ் ல கோஃப், பிறந்த வீட்டுப் பெயர் கெர்லுவான்.' சட்டி கைநழுவி என் காலிலேயே விழுந்தது. "நமக்கென்ன இனிமே புள்ளையா பொறக்கப்போகுது? விடுங்க" என்று அவள் சிரிக்கிறாள். எந்த வகையில் சொந்தம் என்று நீயாவது யோசித்து உடனே எழுது. அந்த முகத்தை எங்கே பார்த்தேன் என்பதும் தெரிந்துவிட்டது, மரிவோன். என் கட்டிலுக்கு மேலே, அம்மாவின் படத்தில்.