ஏழாம் விதியும் ஒரு லிட்டர் பாலும்

ஐந்து வருஷம். ஐந்து போட்டி. ஐந்து ஆறுதல் சான்றிதழ்.

எங்கள் கேமரா கிளப்பில் ஆறுதல் சான்றிதழை என் பெயரோடு சேர்த்தே அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். தேதியை மட்டும் பேனாவால் எழுதியிருக்கும்.

முதல் பரிசு வருஷா வருஷம் பல் டாக்டருக்குத்தான். வாரத்தில் ஆறு நாள் மனிதர்களை வாயைத் திறக்கச் சொல்வார். ஏழாம் நாள் ஏரிக்கரையில் போய் உட்காருவார். அங்கே பறவைகள், யாரும் சொல்லாமலே, அவருக்காக வாயைத் திறக்கும். கிளிக். முதல் பரிசு.

ஐந்தாவது சான்றிதழோடு நான் வீட்டுக்கு வந்த அன்றைக்கு என் மனைவியும் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, அந்தச் சின்ன ரூமை எனக்குக் குடுத்துடுங்க."

எனக்குத் திக்கென்றது. அந்த ரூமில்தான் என் கேமரா, என் ஸ்டாண்டு, என் விளக்குகள், என் கனவுகள் எல்லாம் இருக்கின்றன.

"அது என் ஸ்டூடியோ!"

"அஞ்சு வருஷமா அதுலேர்ந்து என்ன வெளிய வந்துச்சு? கொசுதான் வந்துச்சு."

அவள் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். பாதி வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில்தான் அடிப்பாள். போன வாரம் ஒரு வீட்டுப் பத்திரத்தில் எண்ணெய்க் கறை. வக்கீல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எந்த சர்வே நம்பர்?" என்று கேட்டாராம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டதாம்.

"எனக்குன்னு ஒரு மேஜை, ஒரு கதவு. அவ்வளவுதான் கேக்கறேன்."

நியாயமான கோரிக்கை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

"இந்த வருஷம் முதல் பரிசு எனக்குத்தான்! வாங்கலைன்னா ரூம் உன்னுது!"

"நிஜமாவா?"

"சத்தியமா!"

அவள் பேசாமல் தலையை ஆட்டினாள். அவள் பேசாமல் தலையை ஆட்டினால் நான் உஷாராக வேண்டும். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகியும் இந்த விஷயம் மறுநாள்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

அதிர்ஷ்டம் என் பக்கம் இருந்தது. அந்த வருஷம் கிளப்புக்குச் செயலாளர் ஆக ஆள் கிடைக்கவில்லை. என் தலையில் கட்டினார்கள். செயலாளரின் முதல் வேலை, போட்டி விதிகளைப் புதிதாக எழுதுவது. படம் எடுத்து ஜெயிக்க முடியாதவன் விதி எழுதி ஜெயிக்கக் கூடாதா என்ன?

நான் சொல்லச் சொல்ல அவள் டைப் அடித்தாள்.

"விதி ஒண்ணு. பறவைப் படம் கூடாது."

"ஏன்?"

"பறவைங்களுக்குத் தொந்தரவு."

"டாக்டருக்குத் தொந்தரவுன்னு சொல்லுங்க."

"நீ அடி. விதி ரெண்டு. படத்தை அவங்கவங்க வீட்டுக்குள்ளதான் எடுக்கணும். ஏரியும் கிடையாது, கரையும் கிடையாது. விதி மூணு. ஒரு அமுக்கு, ஒரு படம். மெஷின் மாதிரி தடதடன்னு நானூறு எடுத்துட்டு ஒண்ணைப் பொறுக்கறதெல்லாம் நடக்காது."

"குடும்பத்துல இருக்கறவங்க கலந்துக்கலாமா?"

"தாராளமா! இருபது படம் சேரலேன்னா போட்டியே நடக்காது."

அது நாலாம் விதி ஆனது. ஐந்து, படத்தில் பெயர் கூடாது, எண் மட்டும். ஆறு, பெயர் இருக்க வேண்டியது ஒட்டிய கவருக்குள்.

ஏழாவதுதான் என் பிரம்மாஸ்திரம். ஏரிக்கரையில் நான் ஒருநாள் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். டாக்டர் கைதட்டிப் பறவையைக் கிளப்பிவிடுவார். கேமராவை அமுக்குவது அவர் கிளினிக் நர்ஸ்!

"விதி ஏழு. படம் யாருதுன்னா..."

அவள் விரல் நின்றது. வக்கீல் ஆபீஸ் பழக்கம். "இதைத் தெளிவா சொல்லுங்க. யோசனை சொன்னவருதா, கேமராவுக்குச் சொந்தக்காரருதா, பட்டனை அமுக்கினவருதா?"

"பட்டனை அமுக்கினவருது!"

"பக்கத்துல நின்னு வெளிச்சம் புடிக்கிறவங்க?"

"அவங்க வெறும் எடுபிடி!"

"உறுதியா?"

"கல்லுல வெட்டு! அமுக்கினது இன்னார்தான்னு ஒரு சாட்சி கையெழுத்தும் போடணும். மாட்டினார் டாக்டர்!"

விதிகள் கமிட்டிக்குப் போயின. யாரும் படிக்கவில்லை. ஏகமனதாக நிறைவேறின.

அடுத்த கேள்வி, நான் எதைப் படம் எடுப்பது? வீட்டுக்குள் பறக்கிற ஜீவன் கொசு ஒன்றுதான். பறப்பது இல்லையென்றால் பொங்குவது! பால்! பாத்திரத்தின் விளிம்புக்கு மேலே பால் எழும்பி, இன்னும் வழியாமல் நிற்கிற அந்த ஒரு நொடி!

காலை ஏழரைக்குச் சமையலறை ஜன்னலில் வெயில் வரும். அதைத் திருப்பிப் பாலின் மேல் விழவைக்க, என் கடையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தேன். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவன் நான். என் சொந்த மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

முதல் நாள், கண்ணாடியைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். பொங்கிவிட்டது. இரண்டாம் நாள், போன் அடித்தது. பொங்கிவிட்டது. மூன்றாம் நாள், தும்மினேன். ஒரே ஒரு தும்மல்தான். நான்காம் நாள், பதினோரு நிமிஷம் கண்ணைக்கூட மூடாமல் பாலையே முறைத்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பால் அசையவே இல்லை. காஸ் தீர்ந்து போயிருந்தது.

"மூணு லிட்டர் பால்," என்றாள் என் மனைவி. "அடுப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் ரேகையே அழிஞ்சு போச்சு."

"எனக்கு ரெண்டு கை பத்தலை! கண்ணாடியப் புடிச்சா பட்டன் எட்டலை. பட்டனைப் புடிச்சா வெயில் ஓடுது."

ஐந்தாம் நாள் அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். "நீங்க கண்ணாடியப் புடிங்க. நான் இங்க நிக்கறேன்."

ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றாள். பாலைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடியில் காயும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலைப் பாரும்மா!"

"எதுக்கு? சத்தம் மாறும். மாறினப்புறம் பாத்தா போதும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான்தான் அமுக்கணுமா?"

"ஆமா!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உறுதியா?"

"அம்மா தாயே, அமுக்கு!"

கிளிக். வலது கையால் ஒரே ஒரு அமுக்கு. இடது கையால் அடுப்பை அணைத்துவிட்டாள். ஒரு சொட்டு வழியவில்லை.

படத்தைப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு கோபுரம் விளிம்புக்கு மேலே எழும்பி நிற்கிறது. அதற்குள்ளே வெயில். ஓரத்தில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது.

"நான் எடுத்ததுலயே இதுதான் பெஸ்ட்!" என்று குதித்தேன்.

அவள் பேசாமல் தலையை ஆட்டினாள்.

விண்ணப்பப் படிவத்தையும் அவளே நிரப்பினாள். எங்கள் வீட்டில் எந்தப் படிவத்தையும் அவள்தான் நிரப்புவாள். நான் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். மூக்குக்கண்ணாடியைக் காணோம். அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கீழே என் வழக்கப்படி ஒரு சுழி, இரண்டு புள்ளி. கவரை ஒட்டினாள்.

பரிசளிப்பு நாள். வெளியூரிலிருந்து வந்த நடுவர், பதினான்காம் எண் படத்தைக் கையில் எடுத்தார். என் பால்! "இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நொடியை யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை," என்றார். கைதட்டல். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். கிளப் தலைவர் பல் டாக்டர்தான். அவர் கவரைக் கிழிக்கும்போதே நான் மேடைப்படி ஏறிவிட்டேன்.

"முதல் பரிசு, நம்ம செயலாளரோட..." டாக்டர் படிவத்தை இன்னொரு முறை பார்த்தார். "...மனைவிக்கு!"

ஒரு கால் மேடையில், ஒரு கால் படியில். அப்படியே நின்றேன்.

"தப்பு!" என்று கத்தினேன். "அது என் படம்! என் கேமரா! என் யோசனை! என் பால்!"

"பால் நான் வாங்கினது," என்றாள், என்னைத் தாண்டி மேடைக்குப் போய்க்கொண்டே.

"செயலாளரே, ஏழாம் விதி என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் படிங்க," என்று டாக்டர் மைக்கை என்னிடம் நீட்டினார். மூக்குக்கண்ணாடி இல்லாமலே படித்தேன். அதுதான் மனப்பாடமாயிற்றே. வெளிச்சம் பிடிப்பவர் வெறும் எடுபிடி என்ற இடத்தில் சபை கொல்லென்று சிரித்தது.

"சாட்சி?" என்றேன், கடைசி நம்பிக்கையோடு. "அவதான் அமுக்கினான்னு எவன் சாட்சி சொன்னான்?"

டாக்டர் படிவத்தை என் முகத்துக்கு நேரே திருப்பினார். கையெழுத்து. சுழி. இரண்டு புள்ளி.

முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தபடி டாக்டர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் வைத்தார். ஆறுதல் சான்றிதழ். என் பெயர் அச்சாகியிருந்தது. தேதி மட்டும் பேனாவில்.

வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவை உறுதியான்னு கேட்டேனே."

கேட்டாள்தான். உண்மையைச் சொல்கிறேன், பரிசோடு அவள் மேடையில் நின்றபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

மறுநாளே சின்ன ரூமுக்குள் மேஜை போயிற்று. டைப் மெஷின் போயிற்று. சுவரில் பால் படம் ஏறிற்று. என் சாமான்கள் பரணில் ஏறின. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'நுழைவு விதிகள்'. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் பொடி எழுத்து. தடவிப் பார்த்தேன். புரியவில்லை.

"என் மூக்குக்கண்ணாடி உள்ள இருக்கா பாரேன்!"

கதவு நாலு விரல் அகலம் திறந்தது. மூக்குக்கண்ணாடி வரவில்லை. ஒரு தாளும் பேனாவும் வந்தன.

"இங்க ஒரு கையெழுத்து."

"என்னது இது?"

"படிச்சுப் பாத்துட்டே போடுங்க."

"கண்ணாடி இல்லாம எப்படிப் படிக்கறது?"

"கையெழுத்துப் போட்டாத்தான் கண்ணாடி."

போட்டேன். சுழி, இரண்டு புள்ளி. மூக்குக்கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு படித்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பால் காய்ச்சுவது நான்தான். இன்றுவரை ஒரு நாள்கூட அது நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொங்கியதில்லை.